சாக்கெட் ஒன்றுதான், ஆனாலும் ஓடவில்லை

இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த 80,000 ரூபாயில் கேமிங் கணினி ஒன்றை நானே அசெம்பிள் செய்வது என்று முடிவெடுத்து, பாகங்கள் ஒன்றோடொன்று சேராமல் மேலூருக்கும் மதுரைக்கும் மூன்று முறை அலைந்தேன். இத்தனைக்கும் நான் வாங்கியவற்றில் எதுவும் பழுதான பொருள் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல பொருள்கள். ஜோடி சேர்ப்பதில்தான் கோளாறு நடந்தது, அந்த ஜோடியைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அதைச் செய்யவில்லை.

ஆடித் தள்ளுபடியில் இணையத்தில் வாங்கிய வரையில் சிக்கல் ஏதும் இல்லை. இன்டெல் கோர் ஐ5 14400எஃப் பிராசஸர், டிடிஆர்5 வகையில் இரண்டு 8 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஆகியவை ஒரே வாரத்தில் வீடு வந்து சேர்ந்தன. இந்தப் பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டை மட்டும் நேரில் வாங்கலாம் என்று நினைத்தேன். நாளைக்கு ஏதாவது ஆனால் கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம் என்ற நம்பிக்கைதான் காரணம்.

மாட்டுத்தாவணியில் இறங்கி, பெரியாருக்கு இன்னொரு பேருந்து பிடித்து, டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய தெருவில் இருந்த கடை ஒன்றுக்குப் போனேன். என்னிடம் இருக்கும் பிராசஸர் இது, ரேம் இது என்று கைபேசியில் இரண்டு பில்களையும் காட்டித்தான் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு, "1700 சாக்கெட் தாண்ணே, பன்னெண்டு, பதிமூணு, பதினாலு மூணு ஜெனரேஷனும் உக்காரும்" என்று சொல்லி, பி660 சிப்செட் கொண்ட போர்டு ஒன்றை எடுத்து வைத்தார். முதலில் சொன்ன விலை பில் இல்லாத விலை. பில் கேட்டதும் ஜிஎஸ்டி 18 சதவீதம் அதன் மேல் ஏறியது. அந்தப் பணத்துக்காகப் பில்லை விட்டுவிடாதீர்கள். போர்டின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். அது இல்லாமல் வாரண்டி கேட்டுப் போய் நிற்க முடியாது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எல்ஜிஏ 1700 சாக்கெட்டில், அதாவது போர்டில் பிராசஸரை வைக்கும் இடத்தில், இன்டெலின் அந்த மூன்று தலைமுறைகளும் உட்காரும்; என் 14400எஃப் பதினான்காம் தலைமுறை. ஆனால் உட்காருவது வேறு, ஓடுவது வேறு என்பதை நான் மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

முதல் அடி ரேமில் விழுந்தது. அன்றிரவே போர்டை அதன் பெட்டி மேல் வைத்து ரேமைச் செருகப் பார்த்தால், ஒரு முனை இறங்குகிறது, மறுமுனை தூக்கிக்கொண்டு நிற்கிறது. புது ஸ்லாட் என்பதால் இறுக்கமாக இருக்கிறது போலும் என்று எண்ணிக் கட்டைவிரலால் அழுத்தத் தொடங்கி, ஏதோ சரியில்லை என்று தோன்றவே நிறுத்தினேன். ரேமை எடுத்து விளக்கடியில் பார்த்தேன். அடிப்பக்கம் தங்க நிறத்தில் வரிசையாக ஓடும் பின்களுக்கு நடுவே ஒரு சிறு வெட்டு இருக்கும்; ஸ்லாட்டில் அதற்கு நேராக ஒரு மேடு இருக்கும். என் ரேமின் வெட்டும் போர்டின் மேடும் சில மில்லிமீட்டர் விலகி நின்றன. முந்தைய வகையான டிடிஆர்4, என்னிடம் இருந்த டிடிஆர்5 இரண்டுக்கும் பின் எண்ணிக்கை 288தான், நீளமும் ஒன்றுதான். மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது மாடல் பெயரின் கடைசியில் 'டி4' என்று இருந்தது, டிடிஆர்4 ரேமுக்கான போர்டு என்று அர்த்தம். பி660, பி760 போர்டுகள் இரண்டு வகை ரேமுக்கும் தனித்தனியாக வருகின்றன. ஒரே போர்டில் இரண்டும் போடலாம் என்று நினைக்க வேண்டாம். கடையில் என் ரேம் பில்லைப் பார்த்தவர் அந்த இரண்டு எழுத்தைப் பார்க்காமல் விட்டதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

மறுவாரம் இரண்டாவது பயணம். "பெட்டியத் திறந்துட்டா கம்பெனி எடுக்காதுண்ணே" என்பதற்கு மேல் அந்தக் கடையில் ஒரு வார்த்தை பெயரவில்லை. பில்லைக் காட்டித்தானே வாங்கினேன் என்று அரை மணி நேரம் வாதாடியும் பயனில்லை. இணையத்தில் வாங்கிய ரேமையோ, பழுது இருந்தால் மட்டுமே திருப்பி எடுப்பார்கள். கடைசியில் அதே தெருவில் இன்னொரு கடைக்காரர், நான் கொடுத்த விலையில் 1,200 ரூபாயைக் குறைத்துக் கணக்கிட்டு டிடிஆர்5 ரேமை எடுத்துக்கொண்டு, 3200 வேகமுள்ள இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேமைக் கொடுத்தார். மறுக்கும் நிலையில் நான் இல்லை.

அதே நாளில் கேபினெட் வாங்கியதில் மட்டும் நான் ஏமாறவில்லை. அம்மாவின் தையல் டேப்பால் கிராபிக்ஸ் கார்டை வீட்டிலேயே அளந்து, 28 சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் காட்டிய கேபினெட்டில் 30 சென்டிமீட்டர் வரை கார்டு போகும் என்று போட்டிருந்தது. முன்பக்க விசிறியைச் சேர்த்துச் சொன்ன அளவா, சேர்க்காமலா என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. விசிறியின் கனம் இரண்டரை சென்டிமீட்டர். அதைக் கழித்தால் மிஞ்சுவது 27.5 மட்டுமே. டேப்பை உள்ளே விட்டு அளந்து காட்டியதும் அவரே அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். கேபினெட்டோடு மலிவாக ஒரு எஸ்எம்பிஎஸ் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட். 14400எஃப் அதிகபட்சம் 148 வாட் வரை போகும். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் இதற்குத் தாராளமாகப் போதும், ஆனால் அந்த மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் ஒயரே இல்லை. ஒயரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று: பிராசஸருக்கும் கார்டுக்கும் வருவது இரண்டுமே 8 பின்தான், பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். நாலும் நாலுமாகப் பிரிவது பிராசஸருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கிய அசெம்பிளி மதியத்துக்குள் முடிந்தது. சுவிட்சைப் போட்டேன். விசிறிகள் எல்லாம் சுற்றின, மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. எச்டிஎம்ஐ ஒயரைப் போர்டில் செருகியிருந்ததைத் தம்பிதான் கவனித்தான். 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது என்பதால் போர்டின் எச்டிஎம்ஐயில் படம் வராது. கார்டுக்கு மாற்றினோம், அப்போதும் வரவில்லை. போர்டின் ஓரத்தில் சிபியு என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மட்டும் சிறு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ரேமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒயர்களையெல்லாம் கழற்றி மாட்டி, இரவு ஒரு மணி வரை போராடிய பிறகுதான் போர்டு நிறுவனத்தின் தளத்தில் பிராசஸர் பட்டியலைத் திறந்தேன். 14400எஃப் அதில் இருந்தது. அதற்கு நேராக, போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸின் எந்தப் பதிப்பிலிருந்து ஓடும் என்றும் இருந்தது. என் போர்டில் ஒட்டியிருந்த பதிப்பு அதற்கு மிகப் பழையது. பி660 வந்தது 2022 ஜனவரியில், 14400எஃப் வந்தது 2024 ஜனவரியில். அதற்கு முன்பே பெட்டிக்குள் போன போர்டுக்கு இப்படி ஒரு பிராசஸர் இருப்பதே தெரியாது.

பயாஸைப் புதுப்பிக்கக் கணினி ஓட வேண்டும், கணினி ஓடப் புதிய பயாஸ் வேண்டும். பிராசஸர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் சில போர்டுகளின் பின்பக்கத்தில் உண்டு, என்னுடையதில் இல்லை. வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "அது நாங்க பண்றதில்லண்ணே" என்று வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது பயணம், சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் சர்வீஸ் கடைக்கு. கூலரையும் பிராசஸரையும் கழற்றி, போர்டை அதன் உறையில் போட்டு, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அண்ணன் உறையைப் பிரித்ததும் முதலில் கேட்டது, "சாக்கெட் மூடி போட்டிருக்கீங்களா தம்பி?" என்றுதான். பிராசஸரை வைக்கும்போது துள்ளி வந்து விழுந்த அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை நான் தூக்கி எறியாமல் வைத்திருந்து, திரும்ப மாட்டிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை எடுத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். 1,700 பின்களும் காற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்த நாற்றங்கால் மாதிரி வரிசை பிசகாமல் மின்னின. ஒன்று வளைந்திருந்தாலும் போர்டு போயிருக்கும், வாரண்டியும் கிடைத்திருக்காது என்றார்.

அவரிடம் இருந்த பன்னிரண்டாம் தலைமுறை பிராசஸர் ஒன்றைப் போட்டு, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றினார். நடுவில் கரண்ட் போனால் போர்டே வீணாகிவிடும் என்பதால் எல்லாவற்றையும் யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு என் பிராசஸரை வைத்து, அங்கே கிடந்த பழைய கார்டு ஒன்றைச் செருகி ஆன் செய்தார். திரையில் 14400எஃப் என்ற எழுத்துகள் தெரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கூலி 500 ரூபாய். காசு வாங்கும்போது, கடையில் புதிதாக வந்திருந்த போர்டு பெட்டி ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். பதினான்காம் தலைமுறைக்குத் தயார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை எந்தக் கடையில் எடுத்து வைத்தாலும், பயாஸ் ஏற்றிக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லுங்கள்.

வீட்டில் திரும்ப மாட்டியதும் முதல் தடவையிலேயே படம் வந்தது. ரேம் 2133 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் எக்ஸ்எம்பியை ஆன் செய்து மறுபடி ஏற்றியபோது 3200 என்று காட்டியது. விண்டோஸ் போட்டு, மானிட்டரை 60லிருந்து 144 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, நாற்காலியைத் தம்பிக்குக் கொடுத்தேன்.