கேணியின் அடிக்குக் கொங்கிறீற் வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊர்க் கேணியடியில், படி கட்டிய சின்னக் குளத்தடியில், கூட்டம். வேப்பமரத்துக்குக் கீழே பன்னிரண்டு கதிரைகள், ஒரு போத்தல் நிறைய தேத்தண்ணீர், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். கேணியைத் திருத்த வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனம். அடிக்குக் கொங்கிறீற் போடுவதா இல்லையா என்பதில்தான் இரண்டு மணித்தியாலம் போனது.

இந்தக் கேணி எனக்கு எப்படித் திரும்பக் கிடைத்தது என்பதைச் சொன்னால்தான் நான் ஏன் அன்று அவ்வளவு சத்தமாகக் கதைத்தேன் என்பது விளங்கும். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில். 1990 ஆனியில் போரால் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டுத் திரும்பிப் போனது 2017இல். நாயுண்ணிச் செடியும் உடைமரமும் ஆள் உயரத்துக்கு மேலே நின்றன. எது ஒழுங்கை, எது வளவு என்றே தெரியவில்லை. அம்மா கத்தியோடு நின்ற என்னிடம் சொன்னார்: "முதல் கேணியைத் தேடு தம்பி. கேணி தெரிஞ்சால் ஒழுங்கை தெரியும், ஒழுங்கை தெரிஞ்சால் வீடு தெரியும்."

பற்றையை வெட்டிக்கொண்டு போகையில் கேணிக்கு முன்னால் கையில் பட்டது மாடுகள் உரஞ்ச நட்ட ஆவுரஞ்சிக்கல். என் நெஞ்சளவு உயரம். உச்சிப் பக்கம் உளி கொத்திய புள்ளிகள் இன்றும் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிகின்றன. கொஞ்சம் கீழே, மாட்டின் கழுத்தும் விலாவும் படுகிற உயரத்தில், கல் வழுவழுத்து ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கிறது. அது உளி செய்த வேலை இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்த மாடுகள் தலைமுறை தலைமுறையாகத் தினவு தீர்த்துத் தேய்த்த தேய்வு. அம்மம்மாவின் சிவலைப் பசுவும் அதில் உரஞ்சியிருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அந்தக் குழிவில் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

முப்பத்திரண்டு அறங்கள் என்று பழையவர்கள் சொன்ன பட்டியலில் ஆவுரிஞ்சு தறி நாட்டுவதும் ஒன்று. தன் முதுகைத் தானே சொறிய முடியாத பிராணிக்கு ஒரு கல் நட்டுவைக்க வேண்டும் என்று நினைத்த மனிதர்களை எண்ணிப் பாருங்கள். பக்கத்திலே கேணி, மாடு இறங்க ஒரு சரிவு, மனிதர் இறங்கப் படி, வழிப்போக்கர் தங்க ஒரு மடம், தெருவோரம் சுமைதாங்கி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் சுமைதாங்கி வைப்பது வழக்கம். எங்கள் ஊர்ச் சுமைதாங்கி யாருக்காக வைத்தது என்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை. தெருவை அகலிக்க வந்த பெக்கோ இயந்திரம் அதைக் கிளப்பிப் போட்டுவிட்டது. மூன்று கற்களில் ஒன்று மட்டும் மதகடியில் கிடக்கிறது.

யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்க்க ஆட்கள் போகிறார்கள், நல்லூரில் மந்திரிமனைக்கும் சங்கிலியன் தோப்பு வாசலுக்கும் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். நல்லதுதான். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலாகவே நிற்கும் தெருமூடிமடத்தை, அதன் உளியால் பொழிந்த வெள்ளைக் கற்களுக்காகவே நானும் இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒழுங்கை முடக்கில் நிற்கும் ஒரு கல்லுக்குப் பெயர்ப்பலகை இல்லை, காவல் இல்லை. அந்த ஊர்ச் சனம் பார்த்தால்தான் உண்டு.

சரி, கொங்கிறீற்றுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் அராலிப் பக்கம் போய்க் கடலில் விழும். நாங்கள் குடிப்பது ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழையை. அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் மேலே நிற்கும். கணக்கு இதுதான்: கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறிவரும். நிலாவரை ஆழ்கிணற்றுக்குப் போனவர்களுக்குத் தெரியும், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அந்த ஓர் அடிக்காகத்தான் குளமும் கேணியும். ஓடிக் கடலுக்குப் போகிற வெள்ளத்தை மறித்து, நின்று நிதானமாக இறங்கவிடுகிற வேலை அவற்றுடையது.

அடிக்குக் கொங்கிறீற் போட்டால் கேணி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். பக்கத்து ஊரில் போட்டார்கள். அடியில் கொங்கிறீற், படிக்கு ரைல்ஸ், சுற்றிவரக் கம்பிவேலி. திறப்பு விழாவன்று உண்மையிலேயே வடிவாக இருந்தது. மாசி பிறக்கத் தண்ணீர் பச்சையாகிச் சூடேறி மணத்தது. ஆமை இல்லை, தவளை இல்லை, படியில் வந்து குந்தும் மீன்கொத்தி இல்லை. வேலி போட்டதால் மாடும் இல்லை. தங்கள் கேணியில் அக்கறை உள்ளவர்கள்தான் அதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

படிக்கட்டுக்குச் சீமெந்து பூசுவதும் இதே பிழைதான். பழைய கட்டு முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து. அது ஈரத்தை உள்ளே விட்டு வெளியே விடும். சீமெந்து மூடிக்கொள்ளும். கல்லில் ஊறிய உவர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உறைந்து, கல் பொருக்குப் பொருக்காக உதிரும். மூன்றாம் படியில் 2018இல் நாங்களே ஆசைப்பட்டு ஓர் இடத்தில் சீமெந்து பூசினோம். இப்போது அந்தக் கல்லை நகத்தால் சுரண்டினால் மாவாக வருகிறது. இப்போது வடக்கு மூலையில் ஓர் ஆலங்கன்று வெடிப்புக்குள் முளைத்திருக்கிறது. அதையும் பிடித்து இழுக்கக் கூடாது, கல்லையும் சேர்த்துக் கொண்டு வரும். வெட்டி வெட்டிச் சாகவிட்டுப் பிறகு அடைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். ஒரு தம்பி, "அண்ணை, காசு தந்தவைக்கு என்னத்தைக் காட்டுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொன்னவர் எண்பது வயது தாண்டிய பழைய மேசன் ஒருவர். "வண்டலை வடிவா வாரு, பாறையைத் தோண்டாதை. மழைக்குப் பிறகு கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணியைக் குடிக்கக் குடு. அதைக் காட்டு" என்றார். அதோடு கதை முடிந்தது. அடி மண்ணாகவே இருக்கும், மாட்டுச் சரிவுக்கு வேலி இல்லை, மதகடிக் கல்லைத் தூக்கிவந்து ஆவுரஞ்சிக்கல்லுக்குப் பக்கத்தில் வைப்பது.

சாந்துக்குப் பனங்கட்டித் தண்ணீர் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும், அளவாகச் சொல்லத் தெரியாது. அதனால் இரண்டு பெடியள் பின்னேரங்களில் அவரோடு நின்று பழகுகிறார்கள். வண்டல் அள்ளுவது வருகிற சனிக்கிழமை தொடக்கம். சுண்ணாம்பு எங்கள் வளவுக் குழியில், பனையோலை மூடியபடி, நீறிக்கொண்டிருக்கிறது.