அம்மாவும் டோக்கியோ போர்டுகளும்

டோக்கியோவில் இப்போது எங்கே பார்த்தாலும் ஆங்கிலப் போர்டு இருக்கிறது, தைரியமாகப் போய் வா என்றார்கள் நண்பர்கள். எனக்குச் சரி. கூட வருவது அம்மா. தமிழ் தவிர வேறெதுவும் படிக்கத் தெரியாது. ஜப்பானிய எழுத்தும் ஆங்கில எழுத்தும் அவருக்கு ஒன்றுதான்.

உயெனோவில் கின்சா லைன் சுரங்க ரயில் பிளாட்பாரத்தில் நின்றோம். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் ஆரஞ்சு வளையம், அதற்குள் 'ஜி' எழுத்து, கீழே 16. ஆரஞ்சு இந்த லைனின் நிறம், 'ஜி' அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து, எண் ஸ்டேஷனுக்கு உரியது. டோக்கியோ சுரங்க ரயில்களில் 2004-இல் வந்த ஏற்பாடு இது. நாம் போகவேண்டிய அசகுசா 19 என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். "அப்போ இன்னும் மூணு" என்றார். ரயில் நிற்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டே வந்தார். 19 வந்ததும் எனக்கு முன்னால் எழுந்து கதவருகே போய் நின்றுவிட்டார். அன்றைக்கு அப்புறம் வழி சொல்லும் பொறுப்பு அவருடையது. மீட்டா என்ற இன்னொரு லைனுக்கு 'எம்' கிடைக்காமல் 'ஐ' கொடுத்திருக்கிறார்கள்; 'எம்' மருனோவுச்சி லைனுக்குப் போய்விட்டது. ஆங்கிலம் தெரிந்த நான்தான் அதில் குழம்பினேன். அம்மாவுக்கு அது வெறும் ஒரு கோடு.

டோக்கியோவில் தரைக்கு மேலே ஓடும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயில்களுக்கு 2016-இல்தான் எண் வர ஆரம்பித்தது. எத்தனை மொழியில் எழுதினாலும் இந்த எண்ணுக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

கழிவறைப் பொத்தான்கள் தனிக் கதை. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு படம் போட்டுக்கொண்டிருந்தது. கழிவறைக் கருவி தயாரிக்கும் கம்பெனிகளின் சங்கம் 2017 ஜனவரியில் எட்டுப் படங்களைப் பொதுவாக்கியது. நிறுத்துவதற்கு ஒரு சதுரம், தண்ணீர் விடப் பெரிய சுழி, சின்னச் சுழி. பழைய கருவிகள் சிலவற்றில் இன்னும் ஜப்பானிய எழுத்து மட்டும்தான். அங்கே பக்கத்தில் தண்ணீர் விட ஒரு கைப்பிடி கண்ணில் பட்டால் புண்ணியம்.

அசகுசாவில் தெருவோர வரைபடம் ஒன்றின் முன் நின்றோம். அதில் ஸ்வஸ்திகா போன்ற குறி. கைகள் மட்டும் நம்முடையதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. "இதுதானே கோயில்?" என்று அம்மா விரல் வைத்தார். புத்தர் கோயிலேதான். மேற்கத்தியப் பயணிகளுக்கு அந்தக் குறி நாஜிகளை நினைவூட்டுகிறது என்பதால், வெளிநாட்டவருக்கான வரைபடங்களில் அடுக்குக் கோபுரப் படம் போடலாம் என்று 2016-இல் ஒரு யோசனை வந்து பெரிய சர்ச்சையானது. வெளிநாட்டவர் என்றால் யார்? நம்மூர் வாசல் கதவிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அதைப் பார்த்து வளர்ந்தவரும் வெளிநாட்டவர்தானே.

அதற்காக அம்மா எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார் என்று இல்லை. வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு ஒரு பழைய குறி உண்டு: கிண்ணம் போன்ற வளைவு, அதன்மேல் மூன்று ஆவிக் கோடுகள். பார்த்ததும் "இங்கே சூடா சாப்பாடு கிடைக்கும்போல" என்றார். இதே குழப்பம் நிறையப் பேருக்கு வருவதால், ஆவிக்குள் மூன்று பேர் அமர்ந்திருக்கும் சர்வதேசக் குறிக்கு மாறிவிடலாம் என்று அரசு யோசித்தது. குளியல் ஊர்க்காரர்கள் விடவில்லை. கடைசியில் 2017-இல் இரண்டில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆனது. நல்ல முடிவுதான், ஆனாலும் பசியோடு வருகிறவர்களுக்கு அந்த மூன்று பேர் தேவை.

பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒன்று. ஹோட்டலுக்குப் பக்கத்து ஸ்டேஷனின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவர்கள் பையில் போட்டுவிடுங்கள். கூடவே வெளியேறும் வாசலின் எண்ணையும். பெரிய ஸ்டேஷன்களில் வாசல் மாறி மேலே ஏறினால் ரோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றே தெரியாது.