உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?

பழைய படகு என்ஜினில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, "உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?" என்றுதான். நாகப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின் வேலை பார்க்கிற பலர் இதைக் கேட்பதில்லை. ஆயிலை இறக்கு, புதுசு ஊற்று, ஸ்டார்ட் பண்ணு. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் முடிகிற ஜூன் 14 நெருங்கும்போது இந்த அவசரம் இன்னும் கூடும். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல், கடன் வாங்கி மரவேலையும் வலைவேலையும் முடித்த ஓனர், ஊரே தொழிலுக்குப் போகும்போது தன் போட்டை மட்டும் எப்படிக் கட்டிப்போடுவார்? அவர் பதற்றம் நியாயமானது. ஆனால் தண்ணீர் வந்த வழி தெரியாமல் ஆயிலை மட்டும் மாற்றினால், புது ஆயிலும் கெட்டுப்போகும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு ஜூன் மாதம் பார்த்த ஆறு சிலிண்டர் என்ஜின் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு வந்திருந்தது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருந்தார். அந்தப் போட்டின் டிரைவர் சொன்னது வேறு: "அண்ணே, ராத்திரி பார்த்த அளவை விட காலைல ஆயில் கூட இருக்கு." பாதி வேலையை அந்த ஒரு வார்த்தை முடித்துவிட்டது. என்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணீரின் பிரஷரை விட அதிகம். அதனால் ஆயிலைத் தண்ணீரால் குளிரவைக்கும் ஆயில் கூலரில் ஓட்டை விழுந்தால் ஆயில்தான் தண்ணீர்ப் பக்கம் போகும். என்ஜினை நிறுத்தியதும் ஆயில் பிரஷர் இறங்கிவிடும், கூலரில் நிற்கிற தண்ணீர் மெதுவாக ஆயிலுக்குள் கசியும். நின்ற என்ஜினில் அளவு ஏறுகிறது என்றால் முதல் சந்தேகம் கூலர் மேல்தான் வர வேண்டும்.

சந்தேகம் மட்டும் போதாது. ராத்திரி முழுக்க ஆயிலைத் தெளிய விட்டு, காலையில் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்தினோம். தண்ணீர் கனமானது, அதனால் அதுதான் முதலில் வந்தது. கொஞ்சம் எடுத்துத் தகரத்தில் வைத்துச் சுட்டு வற்ற விட்டால் வெள்ளையாக உப்பு படிந்தது. கடல் தண்ணீர். அந்த என்ஜினில் ஹெட்டையும் சிலிண்டர் உறையான லைனரையும் சுற்றி ஓடுவது டேங்கில் ஊற்றுகிற நல்ல தண்ணீர். கடல் தண்ணீர் போவது கூலர்களுக்கும் சைலன்சருக்கும் மட்டும். கேஸ்கெட் போயிருந்தால் நல்ல தண்ணீர்தானே வந்திருக்கும்? சைலன்சர் வழியாகத் திரும்பி ஏறியிருக்குமோ என்று, டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டு, கையால் பிளைவீலைச் சுற்றிப் பார்த்தோம். சிலிண்டர்கள் காய்ந்திருந்தன. (இப்படிப் பார்க்காமல் ஸ்டார்ட்டர் அடிக்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நின்றால் கனெக்டிங் ராடுதான் வளையும்.)

கூலரைக் கழற்றி, ஒரு பக்கத்தை அடைத்துக் காற்றுக் கொடுத்துத் தண்ணீரில் அமுக்கினோம். இரண்டு செம்புக் குழாய்களிலிருந்து குமிழி வந்தது. காரணமும் அங்கேயே இருந்தது: குழாய்களுக்குப் பதிலாகத் தான் கரைய வேண்டிய துத்தநாகக் கட்டி எப்போதோ முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. அந்தச் சின்னக் கட்டியை மாற்ற ஆகும் செலவு, ஒரு தடவை ஆயில் ஊற்றுகிற செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்புறம் கழுவும் வேலை. போட்டில் சம்பைக் கழற்ற வேண்டுமானால் என்ஜினையே தூக்க வேண்டும். அதனால் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, சூட்டோடு இறக்கி, பில்டரையும் மாற்றினோம். நிறம் தெளியும் வரை திரும்பத் திரும்ப. ஓனர் சலித்துக்கொண்டார். நான் விடவில்லை. உப்பு உள்ளே தங்கினால் பேரிங்கை அரித்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் நடுக்கடலில் காட்டிவிடும். கோடியக்கரைக்கு அப்பால் என்ஜின் நின்றால் ஆபத்து கடலோடு போவதில்லை. 1974-இல் இலங்கையோடு போட்ட எல்லைக்கோடு அங்கே வெகு பக்கம். நின்ற போட்டை நீரோட்டம் அந்தப் பக்கம் இழுத்துவிட்டால், கைதாகிறவர்கள் போட்டில் இருக்கும் தொழிலாளிகள். அவர்கள் வீட்டார் ஆட்சியர் அலுவலகத்து வாசலில் நிற்பதைப் பார்த்தவன், இரண்டு மூன்று நாள் தாமதத்துக்காகச் சண்டை போடத்தான் செய்வான்.

அதே போட்டின் டீசல் டேங்கையும் திறந்தோம். பாதி டேங்க் டீசலோடு இரண்டு மாதம் கட்டிக் கிடந்தால், காலியாக இருக்கும் பாதியில் ஈரக்காற்று குளிர்ந்து, வியர்த்து, அடியில் தண்ணீராகச் சேரும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளி மாதிரி படியும். அதுதான் பில்டரை அடைக்கும். அடித்தண்ணீரை இறக்கி, டேங்கைத் துடைத்து, டீசல் லைனில் புகுந்த காற்றையும் எடுத்து முடித்தோம். பம்புக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்றும் வைத்தோம். தினமும் என்ஜின் எடுப்பதற்கு முன் அதைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் முதல் தங்கல் முடிந்து வந்ததும் டிரைவர் கொஞ்சம் ஆயிலை பாட்டிலில் எடுத்துவந்து காட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கலங்கல் இல்லை. இருந்தாலும் அந்த ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் அடுத்த தங்கலுக்கு அனுப்பினோம். இப்போதெல்லாம் தடைக்காலம் தொடங்குகிற வாரத்திலேயே அந்த ஓனர் டேங்கை நிரப்பிவிடுகிறார், துத்தநாகக் கட்டியையும் கேட்டு வாங்கிப் போடுகிறார்.