மண்டபத்தில் ஒரு லினக்ஸ் பெட்டி, அதற்குள் ஒரு விண்டோஸ்

நண்டும் கணவாயும் எடுக்கும் கம்பெனிகள் சிலவற்றுக்கு, ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். என் மேசைக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். ஜிஎஸ்டி தாக்கல், வங்கி வேலை, மின்னஞ்சல் எல்லாம் உலாவியிலேயே முடிந்துவிடும். முடியாதவை இரண்டு. ஒன்று டேலி என்ற கணக்கு மென்பொருள். இன்னொன்று மின் கையொப்பம் போடும் யூஎஸ்பி டோக்கன். எனக்குக் கிடைத்த டோக்கனோடு வந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான். இந்த இரண்டுக்காகவே பழைய விண்டோஸ் 10 கணினி ஒன்று ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. இங்கே வடகடல், தென்கடல் இரண்டு பக்கமிருந்தும் உப்புக் காற்று வரும். கேபினெட்டின் திருகு துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், உள்ளே மின்சுற்றுப் பலகையில் பச்சை படிவது தெரியாது. ஒருநாள் தெரிந்தது. அதோடு விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14க்குப் பிறகு ஆதரவு இல்லை என்றும் அறிவித்திருந்தார்கள். இன்னொரு பெட்டி வாங்கி அதையும் உப்புக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, லினக்ஸுக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக, அதாவது கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியாக, விண்டோஸை வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நேரமும் வசதியாக அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்போது பில் குறைவு. கணக்குக் கணினியை அக்கக்காகப் பிரித்துப் போட இதைவிட நல்ல காலம் கிடைக்காது.

எதில் செய்வது என்பதில் கொஞ்சம் யோசித்தேன். ஒயின் என்ற வழி இருக்கிறது, அது விண்டோஸே இல்லாமல் விண்டோஸ் நிரலை ஓட்டப் பார்ப்பது. அடுத்தவர் பணக் கணக்கை அதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மெய்நிகர் கணினி ஓட்டும் வழிகளில் கேவிஎம் 2007 முதல் லினக்ஸின் மையநிரலான கெர்னலிலேயே இருக்கிறது, வேகமானது. விர்ட்-மேனேஜர் போட்டால் சாளரம் வைத்தே ஆளலாம். ஆனால் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவாக ஒரு கோப்புறை வைக்க அதில் கூடுதல் வேலை உண்டு. வட்டு வேகமாக ஓட வேண்டுமானால் விர்ட்ஐஓ என்ற டிரைவரை விண்டோஸுக்குத் தனியாக ஊட்ட வேண்டும். வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் இவை மெனுவிலேயே கிடைக்கும். சர்வர் வைத்திருப்பவர் என்றால் கேவிஎம்தான் என்பேன். மேசைக் கணினியில் ஒரே ஒரு விண்டோஸ் வேண்டியவருக்கு வெர்ச்சுவல்பாக்ஸ் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதன் அடிப்படைத் தொகுப்பு கட்டற்ற மென்பொருள், கம்பெனி வேலைக்கும் தடையில்லை. எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக வருவது சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம். முன்பெல்லாம் யூஎஸ்பி 2.0, 3.0 வேண்டுமென்றால் அதைப் போட்டே ஆக வேண்டும். 7.0 பதிப்பிலிருந்து அவை அடிப்படைத் தொகுப்புக்கே வந்துவிட்டதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பயாஸ், கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை. என்னுடையது எட்டாம் தலைமுறை ஐ5, ராமநாதபுரத்தில் பொருத்தி வாங்கியது. செயலியில் மெய்நிகர் கணினி ஓட்டத் துணை நிற்கும் விடி-எக்ஸ் வசதி உண்டு, பயாஸில் அணைத்து வைத்திருந்தது. பல பெட்டிகள் அப்படித்தான் வருகின்றன. அணைந்திருந்தால் மெய்நிகர் கணினி கிளம்பவே செய்யாது, புரியாத பிழைச் செய்தி ஒன்று வரும். பயாஸில் இன்டெல் வெர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்று இருப்பதை இயக்கினால் சரி. ஏஎம்டி பலகைகளில் அதற்குப் பெயர் எஸ்விஎம். கையோடு ரேமையும் 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கினேன். விண்டோஸ் 11 குறைந்தபட்சமாகக் கேட்பதே 4 ஜிபி. 8இல் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டால் லினக்ஸ் பக்கம் உலாவி திணறும்.

வெர்ச்சுவல்பாக்ஸை மின்ட்டின் மென்பொருள் மேலாளரிலிருந்தே நிறுவினேன். சொடுக்கிவிட்டு எழுந்து போகிற வேலை இல்லை இது. வெர்ச்சுவல்பாக்ஸ் கெர்னலோடு சேர்ந்து ஓடும் தன் தொகுதியை, அதாவது டிரைவரை, நம் கணினியிலேயே கட்டிக்கொள்ளும், அந்த வேலையைச் செய்வது டிகேஎம்எஸ் என்ற கருவி. கெர்னலின் ஹெடர் கோப்புகள் இருந்தால்தான் கட்டும். கையொப்பமில்லாத நிரலை ஏறவிடாத செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், கட்டிய தொகுதிக்குக் கையொப்பமும் வேண்டும். அதற்காக நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கிறது. அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுதொடக்கம் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும், ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும். பத்து விநாடிதான். அதற்குள் அழுத்தி, என்ரோல் எம்ஓகே (கையொப்பச் சாவியைப் பதிவது) என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். டீ குடிக்கப் போனால் திரை கடந்துவிடும், கணினி எப்போதும்போலத் திறக்கும், ஆனால் மெய்நிகர் கணினியைத் தொட்டால் கெர்னல் டிரைவர் இல்லை என்று சொல்லும். செக்யூர் பூட்டையே அணைத்துவிடச் சொல்பவர்கள் நிறையப் பேர். சாவியை ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தடுத்த கெர்னலுக்கும் அதே சாவியில் கையொப்பம் ஆகிவிடும் என்பதால் அணைக்க ஒரு காரணமும் இல்லை.

இன்னொரு கெர்னல் சங்கதி. கீழக்கரையில் கணினிக் கடை வைத்திருக்கும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் தன் மடிக்கணினியில் புதிய கெர்னல் போட்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தும், விடி-எக்ஸை வேறு யாரோ பிடித்து வைத்திருப்பதாக வெர்ச்சுவல்பாக்ஸ் சொன்னது. 6.12 கெர்னல் முதல், கேவிஎம் தொகுதி ஏறியவுடனே அந்த வசதியைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறது. அவருக்கு நான் தொலைபேசியில் சொன்னது, கேவிஎம் இன்டெல் தொகுதியை நினைவகத்திலிருந்து இறக்கிவிட்டுப் பார்க்கும்படி. இறக்கியதும் ஓடியது. "அப்ப தெனமும் இதையே செய்யணுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம், ஏறும்போதே எடுத்துக்கொள்ளாதே என்று கேவிஎம்முக்குச் சொல்லும் வரி ஒன்றைத் துவக்க அமைப்பில் சேர்த்துவிட்டால் போதும். என் கணினி 6.8 வரிசையிலேயே இருந்ததால் எனக்கு இது வரவில்லை.

விண்டோஸ் 11இன் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கு மேல். லினக்ஸில் இருந்து போனால் மைக்ரோசாஃப்ட் தளம் கோப்பை நேராகவே கொடுக்கிறது. தினசரி அளவு வைத்த கைபேசி இணையத்தில் இது நடக்காது, ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். உரிமம் தனியாக வாங்கினேன், பழைய கணினியோடு வந்தது அந்தப் பெட்டியோடு கட்டுப்பட்டது. டேலி வைத்திருப்பவர்கள், பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அதில் உரிமத்தைச் சரண்டர் செய்துவிடுங்கள். அதைச் செய்துவிட்டால் புதிய இடத்தில் இயக்குவது எளிது.

மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது வகையை விண்டோஸ் 11 என்று கொடுத்தால் விண்டோஸ் 11 கட்டாயமாகக் கேட்கும் இஎஃப்ஐ, டிபிஎம் 2.0 இரண்டையும் அதுவே சேர்த்துக்கொள்கிறது. 6 ஜிபி நினைவகம், இரண்டு கோர், 80 ஜிபி வட்டு கொடுத்தேன். கோரைக் கூட்டினால் வேகம் கூடும் என்று இருக்கும் எல்லாவற்றையும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; கணக்கு மென்பொருளுக்கு அது தேவையில்லை, வெளிக் கணினியான லினக்ஸ்தான் மூச்சு முட்டும். ஆளில்லா நிறுவலைத் தவிர் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, கையாலேயே நிறுவினேன். டிக் போடாவிட்டால் வெர்ச்சுவல்பாக்ஸே ஒரு பயனரை உருவாக்கி, உலகத்துக்கே தெரிந்த ஒரு கடவுச்சொல்லையும் வைத்துவிடும். பணக் கணக்கு இருக்கும் கணினிக்கு அது ஆகாது.

விண்டோஸ் ஏறியதும் அதற்குள் போட வேண்டியது கெஸ்ட் அடிஷன்ஸ், வெர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள். அதைப் போடும்வரை திரை சின்னதாக, மவுஸ் இழுபட்டுக்கொண்டு, வெறுப்பாக இருக்கும். போட்ட பிறகு சாளரத்தை எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அவ்வளவுக்குத் திரையும் விரிகிறது. இரண்டு பக்கமும் நகல் எடுத்து ஒட்டலாம். இணையத்துக்கு, லினக்ஸின் இணைப்பு வழியாகவே விண்டோஸ் வெளியே போகும் நேட் என்ற அமைப்பையே விட்டுவிட்டேன். விண்டோஸைத் தனிக் கணினிபோல நெட்வொர்க்கில் காட்டும் பிரிட்ஜை வைக்கச் சிலர் சொன்னார்கள், ஆனால் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓடும் வைஃபையில் அது தகராறு செய்கிறது, நேட் செய்யவில்லை.

தமிழ்த் தட்டச்சுக்கு ஒரு குறிப்பு. படகுக்காரர் பெயர்களைத் தமிழிலேயே பதிகிறோம். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை வைத்திருந்தாலும் அது உள்ளே போகாது. எந்த விசையை அழுத்தினோம் என்பது மட்டும்தான் உள்கணினிக்குப் போய்ச்சேரும், எழுத்தாக மாற்றுவது அங்கே இருக்கும் விண்டோஸின் வேலை. விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும்.

இனி டோக்கன். உண்மையான வேலை இங்கேதான் இருந்தது. முதலில் யூஎஸ்பி பட்டியலே காலியாக இருந்தது. வெர்ச்சுவல்பாக்ஸ் தனக்கென்று ஒரு பயனர் குழு வைத்திருக்கிறது, அதில் நம் பெயரைச் சேர்த்தால்தான் யூஎஸ்பி தெரியும். சேர்த்தால் மட்டும் போதாது, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். பட்டியல் வந்தது, டோக்கனும் தெரிந்தது, டிக் போட்டால் சாதனம் வேறு வேலையில் இருக்கிறது என்றது. லினக்ஸ் பக்கம் ஸ்மார்ட் கார்டுகளைக் கவனிக்கும் பிசிஎஸ்சிடி என்ற சேவை, செருகிய நொடியிலேயே டோக்கனைப் பிடித்துக்கொள்கிறது. கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுக்கும் அனுமதி டோக்கனைப் போலத்தான் இதுவும், ஒரு நேரத்தில் ஒரு படகுக்குத்தான் செல்லும். வெளிக் கணினி விட்டால்தான் உள்கணினிக்கு. லினக்ஸில் எனக்கு அந்தச் சேவை தேவையில்லை என்பதால் அதையும், அதைத் தட்டி எழுப்பும் சாக்கெட்டையும் சேர்த்தே நிறுத்தினேன். சேவையை மட்டும் நிறுத்தினால் சாக்கெட் மறுபடி எழுப்பிவிடும். பிறகு அமைப்பில் யூஎஸ்பி வடிகட்டி ஒன்று சேர்த்தேன். இப்போது செருகினால் நேராக விண்டோஸுக்குப் போகிறது.

அதற்குப் பிறகும் நடு நடுவே டோக்கன் மறைந்து மறைந்து வந்தது. மென்பொருளில் தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டியின் முன்பக்கத் துளையை டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகளில் கறுப்புப் படிவு. பின்பக்கத் துளைக்கு மாற்றினேன், தொல்லை நின்றது. முன்பக்கத்துக்கு மின்னணுப் பாகங்களைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்து, ரப்பர் மூடி போட்டு வைத்திருக்கிறேன். கடற்கரை ஊர்க்காரர்கள் யூஎஸ்பி தொல்லை வந்தால் முதலில் துளையைப் பாருங்கள், அப்புறம் இணையத்தில் தேடுங்கள்.

இதற்கிடையே முதலாளி ஒருவர் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டருங்கிற. கரண்டு பில்லும் ரெண்டா வருமா தம்பி?" வராது முதலாளி, பெட்டி ஒன்றுதான் என்றேன். அவருக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

மின்சாரம் பற்றி அவர் கேட்டது வேறு வகையில் சரிதான். கச்சான் என்ற மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இங்கே கரண்டு நினைத்தபோது போகும். யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு லினக்ஸ் தன்னை மூடிக்கொள்ளும். அப்போது உள்ளே ஓடும் விண்டோஸ் என்ன ஆகும்? வெர்ச்சுவல்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் இதற்கென்றே இரண்டு வரிகள் உள்ளன. வெளிக் கணினி மூடும்போது யாருடைய மெய்நிகர் கணினிகளைக் கவனிக்க வேண்டும், எப்படி என்று சொல்லலாம். நான் நிலையைச் சேமி என்று வைத்திருக்கிறேன். கரண்டு வந்து திறந்தால், பாதி அடித்த வவுச்சர் அப்படியே திரையில் நிற்கிறது. எனக்கு இந்த முழு வேலையிலும் பிடித்தது இதுதான். பழைய பெட்டியில் இது கிடைக்காது.

மெய்நிகர் கணினியின் அந்த நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. பெரிய புதுப்பிப்புக்கு முன்பு ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது, கெட்டால் திரும்பிப் போகலாம். ஆனால் அதைக் காப்பு நகல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்னாப்ஷாட் நிற்பது அதே வட்டில், அதே மூலக் கோப்பை நம்பி. எஸ்எஸ்டி போனால் இரண்டும் சேர்ந்தே போகும். தேவையில்லாமல் சேர்த்துக்கொண்டே போனால் இடத்தையும் தின்னும். தவிர, வட்டுக் கோப்பு வளரும், தானாகக் குறையாது. உள்ளே அழித்தாலும் வெளியே அதே அளவில் நிற்கும்.

டேலியின் தரவு உள்கணினியின் வட்டிலேயே இருக்கிறது. பொதுக் கோப்புறையில் நேரடியாக வைத்து ஓட்ட நான் விரும்பவில்லை, வேகமும் போதாது, நம்பிக்கையும் வரவில்லை. அதனால் ஸ்னாப்ஷாட்டை நம்பாமல், மாலையில் டேலியிலேயே பேக்கப் எடுத்துப் பொதுக் கோப்புறையில் போடுகிறேன். அங்கிருந்து லினக்ஸ் அதை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறது. பில் அச்சிடுவதும் இதே வழிதான். உள்ளே பிடிஎஃப் ஆக்கி அதே கோப்புறையில் போட்டு, லினக்ஸிலிருந்து அச்சிடுகிறேன். அச்சுப்பொறியின் டிரைவரை விண்டோஸுக்குள் ஏற்றும் வேலையே இல்லாமல் போனது.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய், பில் குவிந்தபோது இதே அமைப்புத்தான் ஓடியது. டேலியில் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. காணொளி பார்த்தால் விண்டோஸ் பக்கம் தடுமாறுகிறது, அதற்கு லினக்ஸ் இருக்கிறது.

மிச்சமிருந்தது எடை இயந்திரம். கம்பெனித் தராசு எடையைச் சீரியல் கேபிள் வழியாக அனுப்பும், யூஎஸ்பி மாற்றி போட்டால் லினக்ஸுக்குத் தெரிகிறது. அந்த மாற்றியையும் டோக்கனைப் போலவே முழுதாக உள்ளே அனுப்பலாம், அல்லது வெர்ச்சுவல்பாக்ஸின் சீரியல் போர்ட் அமைப்பில் அதை விண்டோஸுக்கு காம்1 என்ற சீரியல் துளையாகக் காட்டலாம். இரண்டாவது வழிக்கு டயல்அவுட் என்ற குழுவில் நம் பெயர் இருக்க வேண்டும். முதல் வழியில் எடை வந்துவிட்டது, இரண்டாவதை நான் தொடவில்லை.