இரண்டு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம்: நாங்கள் யோசித்து முடிவெடுத்த விதம்

2024 ஏப்ரல் கடைசியில், மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் கரையில் நின்றிருந்த நேரத்தில், மூன்றாவது முறையாக நான் கருவுற்றிருப்பது உறுதியானது. அதற்கு முன் எனக்கு இரண்டு சிசேரியன் ஆகியிருந்தன. 2017இல் குழந்தை கடைசிவரை தலை திரும்பாமல் இருந்ததால் முதலாவது. 2022 பிப்ரவரியில், முதல் பிரசவம் சிசேரியன் என்ற ஒரே காரணத்தால் இரண்டாவது. இரண்டு முறையும் எனக்குப் பிரசவ வலியே வந்ததில்லை. மூன்றாவதையாவது சுகப்பிரசவமாகப் பெற முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம், என் தங்கையைப் பார்த்துத்தான் எனக்கு வந்தது. அவளுக்கும் முதல் குழந்தை தலை திரும்பாமல் சிசேரியன்தான். ஆனால் 2023இல் பரமக்குடியில் இரண்டாவது குழந்தையைச் சுகமாகப் பெற்று, மறுநாளே எழுந்து தன் துணியைத் தானே அலசிப் போட்டாள்.

ஆசைக்குக் காரணங்கள் எளிமையானவை. பாம்பனில் எங்கள் தெருவில் குடிநீர் இன்றும் குடத்தில்தான் வீட்டுக்குள் வருகிறது. கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போனால் மறுநாள்தான் கரை திரும்புவார். இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வயிற்றில் தையலோடு குனிந்து நிமிர முடியாமல் கிடந்த வாரங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அதைவிடவும், இரண்டாவது குழந்தையை 38 வாரத்துக்குள்ளாகவே தேதி குறித்து எடுத்தபோது, அவன் பிறந்தவுடன் வேகமாக மூச்சு வாங்கியதால் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்ற அந்த நாட்கள் இன்னொரு முறை வேண்டாம் என்றிருந்தது.

கிராம சுகாதாரச் செவிலியர், கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவான பிக்மி எண்ணைப் பதிந்து கொடுத்தபோதே, அட்டையின் மேல் மூலையில் சிவப்பு மையால் "முன் சிசேரியன் 2" என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார். சுகப்பிரசவம் பற்றி நான் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "மொதல்ல பழைய ஆபரேஷன் பேப்பர எல்லாம் எடுத்துட்டு வாங்கக்கா, அத பாக்காம எந்த டாக்டரும் வாயத் தொறக்க மாட்டாங்க" என்றார். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் மிகவும் உருப்படியானது அதுதான்.

வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கர்ப்பப்பையில் எந்தத் திசையில் கீறினார்கள் என்று சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தோலில் குறுக்காகக் கீறியிருந்தாலும், உள்ளே நெடுக்காகக் கீறியிருக்கலாம். நெடுக்குக் கீறல் மேல்பகுதித் தசைவரை போயிருந்தால், வலியின்போது அது கிழியும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பதால், அத்தகையவர்களைச் சுகப்பிரசவத்துக்கு விடுவதே இல்லை. மருத்துவமனையை விட்டு வரும்போது தரும் சுருக்கக் குறிப்பில் "எல்.எஸ்.சி.எஸ்." என்ற எழுத்துகள் இருந்தால் கீழ்ப்பகுதியில் கீறியதாகப் பொருள். ஆனால் கீறல் பக்கவாட்டில் கிழிந்து நீண்டதா, எத்தனை அடுக்காகத் தைத்தார்கள், காய்ச்சலோ சீழோ பிடித்ததா என்ற விவரங்களை அறுவைக் குறிப்பில்தான் பார்க்க முடியும். உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. 2017ஆம் ஆண்டுத் தாள்களைக் கேட்டுப் போன தனியார் மருத்துவமனையில், அந்தக் கணக்கைக் காட்டி, பழைய கட்டுகளை எல்லாம் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். 2022ஆம் ஆண்டுக் குறிப்பு, 3 ஆண்டு முடியாததால் கிடைத்தது. நகல் எடுக்கும் கடை வரைக்கும் மருத்துவமனை அலுவலர் ஒருவரே உடன் வந்து, மூலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஒரு தாளிலேயே இரண்டு அறுவைகளின் கதையும் இருந்தது. இரண்டாவது முறை வயிற்றைத் திறந்த மருத்துவர், முதல் கீறல் எப்படி ஆறியிருந்தது என்பதையும் எழுதி வைத்திருந்தார். கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல், நீட்சி இல்லை, இரண்டு அடுக்குத் தையல், சிறுநீர்ப்பை சற்று மேலே இழுபட்டு ஒட்டியிருக்கிறது. கடைசி வரியை நான் கவனிக்கவில்லை. மதுரை மருத்துவர்தான் அதைப் பேனாவால் சுழித்தார்.

மதுரைக்குப் போனதற்குக் காரணம், ராமநாதபுரத்தில் நான் மாதாமாதம் காட்டிவந்த இடத்தில், இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு வலிக்கு விட்டுப் பார்க்கும் வழக்கம் இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து நிபுணரும், ரத்தமும், திறந்த அறுவை அரங்கும் ஒரே நேரத்தில் தயாராக இருந்தால்தான் அப்படி ஒரு முயற்சிக்குப் பொறுப்பேற்க முடியும். முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் இடம், சரி சரி என்று சொல்லிவிட்டுக் கடைசி வாரத்தில் தேதி குறிக்கும் இடத்தைவிட மேல்.

மதுரை மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், காம்பு கீழே வரும்படி கவிழ்த்த கத்தரிக்காய் போல ஒரு கர்ப்பப்பையை வரைந்து, காம்புக்கு மேலே ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் தசை மெலிவு, வலியின்போது அது சுருங்குவதைவிட விரிந்து கொடுக்கிறது, அதனால்தான் அங்கே ஆறிய தழும்பு பெரும்பாலும் தாங்குகிறது என்று விளக்கினார். "ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்று 1916இல் அமெரிக்க மருத்துவர் எட்வின் கிரேகின் சொன்னது, கர்ப்பப்பையை நெடுக்காகக் கீறிவந்த காலத்தில். கீறும் இடம் மாறிய பிறகும் அந்த வாக்கியம் மாறவில்லை. எங்கள் தெருவுக்குக்கூட வந்து சேர்ந்திருக்கிறது.

எண்களை அவர் மறைக்கவில்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான அரசக் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு சிசேரியன் ஆனவர்கள் முயன்றால் 100க்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு கிழிவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கும் வெற்றி விகிதம் பெரிதாகக் குறைவதில்லை, 100க்கு 71 அளவில் நிற்கிறது. ஆனால் கிழியும் ஆபத்து 1.36 விழுக்காடாக, அதாவது ஏறத்தாழ 75 பேரில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்கிறது. ரத்தம் ஏற்ற வேண்டிவருவதும், கர்ப்பப்பையையே எடுக்க நேர்வதும் அதற்கேற்பக் கூடுகின்றன. முன்பு ஒரு முறையாவது சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு வெற்றி வாய்ப்பு 85 முதல் 90 வரை போகும். எனக்கு அந்தச் சாதகம் இல்லை. முதல் சிசேரியனுக்குக் காரணம் தலை திரும்பாதது, அது திரும்பத் திரும்ப வரும் காரணமல்ல என்பதும், கடைசிப் பிரசவத்துக்கும் இதற்கும் இடையே ஒன்றரை ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்ததும் எனக்குச் சாதகமாக இருந்தன. ஸ்கேனில் தழும்பின் தடிமனை அளந்து பார்க்கச் சொல்வீர்களா என்று கேட்டேன். அளக்கலாம், ஆனால் இத்தனை மில்லிமீட்டர் இருந்தால் பாதுகாப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது என்றார். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவர் முதலில் தேடினார். பழைய தழும்பின் மேல் படிந்து கர்ப்பப்பையின் வாயை அது மறைத்திருந்தால், இரண்டு சிசேரியன் ஆனவருக்கு அது தசைக்குள் வேர்விட்டிருக்கும் வாய்ப்பு 100க்கு 40 என்று 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. எனக்கு அது மேலே, பின்பக்கச் சுவரில் இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அவர் முயன்று பார்க்கத் தயாராகவே இருந்தார், நிபந்தனைகளோடு. 37 வாரத்தில் மதுரைக்கு வந்து தங்கிவிட வேண்டும். வலி தானாக வர வேண்டும், மருந்து வைத்து வரவைக்க மாட்டார். வலி தொடங்கியதிலிருந்து குழந்தையின் இதயத் துடிப்பு இடைவிடாமல் பதிவாகிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் தழும்பு விட்டுக்கொடுக்கும்போது பெரும்பாலும் முதலில் தெரியும் அறிகுறி அந்தத் துடிப்பு குறைவதுதான். கர்ப்பப்பையின் வாய் திறப்பது நின்றுபோனால் காத்திருக்காமல் அறுவை அரங்குக்குப் போய்விட வேண்டும். முயன்று தோற்று அவசரமாகச் செய்யும் சிசேரியன், தேதி குறித்துச் செய்வதைவிட ஆபத்தானது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் இதைப் பேசியபோது, மாமியார் ஒரே வரியில் முடித்தார்: "ரெண்டு தடவ கத்தி பட்ட வயிறு தாயி, அதுல போயி வம்பு பண்ணலாமா." என் அப்பத்தாவோ, எட்டுப் பிள்ளையையும் வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பெற்றவர், இதையெல்லாம் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய எட்டில் மூன்று தங்கவில்லை என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

என் கணவர் கேட்ட கேள்விதான் யோசனையைத் திருப்பியது. சுகப்பிரசவத்தால் கிடைக்கும் பெரிய லாபம் என்ன என்று அவர் மருத்துவரிடம் கேட்டார். விரைவில் எழுந்து நடப்பதும், குழந்தைக்கு மூச்சுத் தொல்லை குறைவதும் உண்மைதான். ஆனால் பெரிய லாபம் அடுத்தடுத்த கர்ப்பங்களுக்குத்தான், ஒவ்வொரு சிசேரியனுக்கும் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் நஞ்சுக்கொடி தசைக்குள் வேர்விடும் ஆபத்தும் கூடிக்கொண்டே போவதால், இன்னும் பிள்ளைகள் வேண்டும் என்பவர்களுக்கு இதன் மதிப்பு அதிகம் என்றார் மருத்துவர். நாங்களோ இதோடு போதும் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தோம். சுகப்பிரசவம் ஆனாலும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எனக்குத் தனியாக ஒரு சிறு அறுவை செய்ய வேண்டியிருக்கும். ஆண்கள் செய்துகொள்வது இதைவிடச் சுலபம் என்று மருத்துவர் சொன்னபோது, என் கணவர் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றொன்று தூரம். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் சுமார் 45 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். அவசரச் சிசேரியனுக்கு முடிவெடுத்ததிலிருந்து 30 நிமிடத்தில் குழந்தையை எடுப்பதை மருத்துவமனைகள் இலக்காக வைத்திருக்கின்றன. தழும்பு கிழிந்தால் அதைவிடக் குறைவான நேரமே கையில் இருக்கும். விடுமுறை நாட்களில் சுற்றுலா வண்டிகள் பாலத்தின் மேல் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதால், எங்கள் தீவைக் கடப்பதற்கே சில சமயம் அந்த 30 நிமிடம் போதாது. மதுரையில் ஐந்து வாரம் தங்கலாம்தான். ஆனால் மூத்தவளுக்குப் பள்ளி, இளையவனுக்குக் காவல், கணவருக்குத் தொழில், அறை வாடகை என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தபோது, தங்கைக்குக் கிடைத்த சுகப்பிரசவம் அவளுடைய ஒற்றைத் தழும்புக்கும், மருத்துவமனைக்கு ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போய்விடும் வீட்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது என்பது தெளிவாயிற்று. நவம்பர் தொடக்கத்தில், ராமநாதபுரத்திலேயே தேதி குறித்துச் சிசேரியன் என்று முடிவெடுத்தோம். மதுரை மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, உங்கள் கணக்கு சரிதான் என்றார். முயன்று பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த முடிவிலும் இரண்டு விஷயங்களை நான் விடவில்லை. வேறு காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன்பு எடுக்க வேண்டாம் என்று, முந்தைய குழந்தையின் மூச்சுத் தொல்லையைச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்கள். 39 வாரம் வரை காத்திருந்தால் இடையில் வலி வந்துவிடக்கூடும், இரண்டு தழும்போடு வலியை வைத்துக்கொண்டு பாலத்தைக் கடப்பது ஆகாது என்பதால், ராமநாதபுரம் கேணிக்கரையில் உள்ள சித்தி வீட்டுக்கு முன்னதாகவே போய்விடுவதாகவும் திட்டம். டிசம்பரில் போகலாம் என்றிருந்தோம். நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவிலும் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. அன்று எனக்கு 36 வாரம். தண்ணீர் வடிந்த அன்றே துணிப்பையையும், ஸ்கேன் தாள்களையும், அறுவைக் குறிப்பின் நகலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். "வம்பு பண்ணாம கெளம்புனாளே" என்று மாமியாருக்கு நிம்மதி.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் மூச்சைப் பற்றிய என் கவலை தீர்ந்தது. அறுவை முந்தையதைவிட நீண்டது, ஏனென்றால் மதுரை மருத்துவர் பேனாவால் சுழித்திருந்த அந்த வரி உண்மையாகவே குறுக்கே நின்றது: சிறுநீர்ப்பை தழும்போடு ஒட்டிக்கிடந்ததால், அதைக் காயப்படுத்தாமல் பிரித்தெடுக்க நேரமானது. நகலை முன்பே கொடுத்திருந்ததால் மூத்த அறுவை மருத்துவர் ஒருவரும் உடன் இருந்தார். கருக்குழாயையும் அப்போதே கட்டிவிட்டார்கள்.

மறுநாள் சுற்றுக்கு வந்த மருத்துவர், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி மிகவும் மெலிந்து, உள்ளே குழந்தையின் முடி தெரியும் அளவுக்கு இருந்தது, ஆனால் எங்கும் விட்டுப் போயிருக்கவில்லை என்றார். அப்படியென்றால் வலிக்கு விட்டிருந்தால் கிழிந்திருக்குமா என்று கேட்டேன். மெலிவாகத் தெரிந்த பலருக்குக் கிழிந்ததில்லை, தடிமனாகத் தெரிந்த சிலருக்குக் கிழிந்திருக்கிறது, உங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். மாமியார், குழந்தையின் முடி தெரிந்த கதையை மட்டும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வீட்டுக்குக் கிளம்பும் முன், இந்த முறை எழுதிய அறுவைக் குறிப்பின் நகலையும் மனு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். இனிப் பிரசவம் இல்லையென்றாலும், வயிற்றில் வேறு எதற்காவது கத்தி வைக்க நேர்ந்தால், அந்த ஒட்டுதலைப் பற்றி முதலில் தெரிய வேண்டியவர் அந்த மருத்துவர்தான்.