வலி இல்லைன்னா விட்டுடலாமா

ஸ்கேன் ரூம்ல வேலை பாக்க ஆரம்பிச்சதுலேர்ந்து, கால்ல கட்டின்னு வர்றவங்க கிட்ட நான் அதிகமா கேட்டது, "வலியே இல்லைங்க, அதான் அப்படியே விட்டுட்டேன்". முழங்காலுக்கு கீழ தோலுக்கு அடியில தட்டுப்படுறதுல முக்காவாசி சாதுவானதுதான். கொழுப்புக்கட்டின்னா மெத்துன்னு இருக்கும், விரலுக்கு அடியில நழுவும். டெர்மட்டோஃபைப்ரோமான்னு ஒண்ணு, சின்னதா கெட்டியா இருக்கும், ரெண்டு பக்கமும் சேத்து கிள்ளினா நடுவுல குழி விழும். வெரிகோஸ் நரம்பு புடைப்பு கால தூக்கி வச்சாலே வத்திடும்.

ஆனா ஒருத்தர என்னால மறக்க முடியல. தினமும் ஓடுறவர், காலோட முன்பக்கம் வெளி ஓரமா ஏதோ புடைக்குதுன்னு வந்தார். படுக்க வச்சு ஜெல் தடவி தேடித்தேடி பாத்தேன், ஒண்ணும் இல்ல, நார்மல்னு எழுதிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப வந்து "நின்னு காட்டட்டுமா மேடம்"னு கேட்டார். நின்னு பாதத்த மேல தூக்கினதும் கோலிக்குண்டு சைஸ்ல எழும்பி நின்னுச்சு. தசைய சுத்தி இருக்குற உறையில சின்ன ஓட்டை, அது வழியா தசை பிதுங்குது, மஸில் ஹெர்னியா. ப்ரோப்ப, அதான் தோல் மேல வச்சு பாக்குற ஸ்கேன் கருவிய, கொஞ்சம் அழுத்தினாலே தசை உள்ள போயிடும், அன்னைக்கு நான் அழுத்தித்தான் பாத்திருக்கேன். ஜெல்ல நிறைய போட்டு ப்ரோப்ப மேல மிதக்க விட்டு பாத்தப்பதான் ஓட்டையே தெரிஞ்சுது. ரெண்டு மாசமா இவர் சொன்னத யாரும் நம்பலையேன்னு நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

இன்னொரு பக்கம் இதவிட பயம். சார்க்கோமான்னு சொல்ற தசை, கொழுப்பு இதுல வர்ற புற்றுக்கட்டியும் ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது, எங்கயோ இடிச்சிருப்பேன்னு சொல்லிட்டே மாசக்கணக்குல ஓட்டிடுவாங்க. அதனால வலிக்குதான்னு நான் இப்ப கடைசியாத்தான் கேக்குறேன். எப்ப பாத்தீங்க, வளருதா, முன்னாடி கட்டி எடுத்த இடத்துலயே திரும்ப வந்திருக்கான்னுதான் மொதல்ல. 5 செ.மீ.க்கு மேல இருந்தாலோ, வளர்ந்துட்டே இருந்தாலோ, தசைக்கு உள்ள ஆழமா இருந்தாலோ, அது வலிக்காட்டியும் சீக்கிரமே பெரிய டாக்டர்கிட்ட அனுப்பணும், தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ., அப்புறம் பயாப்ஸி, அதாவது ஊசியால கட்டியிலேர்ந்து துளி சதை எடுத்து சோதிக்கிறது.

போன வாரம் ஒரு அம்மா, கட்டி இருக்குற இடத்த சுத்தி பேனாவால வட்டம் போட்டுட்டு வந்திருந்தாங்க. படுத்ததும் வட்டம் மட்டும்தான் இருந்துச்சு. ப்ரோப்ப கீழ வச்சுட்டு, "கொஞ்சம் எழுந்து நில்லுங்கம்மா"ன்னேன்.