ஒரு சுற்று பாக்கி

ஏப்ரல் 6, ஞாயிறு

பாய்மரப் படகு ஓட்டத்தான் சங்கத்தில் சேர்ந்தேன். முதல் நாள் கையில் கொடுத்தது ஒரு சுரண்டும் தகடு.

சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு 'வேலை நாள்'. குப்புறக் கவிழ்த்து வைத்திருந்த படகுகளின் அடியை உப்புத்தாளால் தேய்க்கிறார் ஒருவர். கயிறுகளை விரலால் நீவி நைந்த இடம் தேடுகிறார் இன்னொருவர். லைஃப் ஜாக்கெட்டுகளைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்க ஒரு குழு. படகு இறக்கும் சரிவில் படிந்த பாசி எனக்கு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எப்போதும் அதுதானாம். போன வருடம் சேர்ந்தவர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மதியம் பாய்களைப் பிரித்துப் பார்த்தோம். பாயை மடிக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் துணி சீக்கிரம் போய்விடும். "படுக்கிற பாய் மாதிரியேதான்" என்றேன். பக்கத்தில் இருந்த பொடியன், "அதனாலதான் ரெண்டுக்கும் ஒரே பேரு" என்றான். அந்த மொழியாராய்ச்சியை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

சுவரில் முறைப்பட்டியல் ஒட்டியிருக்கிறது. எந்த ஞாயிறு யார் மீட்புப் படகு, யார் ரேஸை நடத்தும் கமிட்டி படகு, யார் சமையலறை என்று. சங்கத் தலைவரைக் கடற்படை பாணியில் 'கமடோர்' என்று அழைக்கிறார்கள். அவர் பெயருக்கு நேரே 'சமையலறை' என்று இருந்தது. என் பெயர் மே 4, கமிட்டி படகு. இதில் விலக்கு கேட்கலாமா என்று விசாரித்தேன். கேட்கலாம், கிடைக்காது என்றார்கள்.

ஒரு நல்லது நடந்தது. இரண்டு பேர் ஓட்டும் எண்டர்பிரைஸ் படகு வைத்திருக்கும் ஒருவருக்கு ஆள் தேவைப்பட்டது. நீலப் பாய், 4 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், 1956-இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த வகை. என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "எடை எவ்வளவு தம்பி?" என்றார். சொன்னேன். "சரி, வா." இனி அவர் எனக்கு அண்ணன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முதல் ரேஸ். கவிழ்ந்தோம்.

அதற்கு முன்னால் தொடக்கம். ஓட்டப்பந்தயம் போலக் கோட்டில் வரிசையாக நிற்க முடியாது, படகு நிற்காதே. அதனால் கோட்டுக்குப் பின்னால் எல்லோரும் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறுகிறது. நான்கில், நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். பூஜ்யத்தில் முதல் கொடியும் இறங்கும், கிளம்பு. சரியாக அந்த நொடியில், முழு வேகத்தில், கோட்டைத் தொடாமல் ஒட்டி வந்திருக்க வேண்டும். ஒன்பது படகுகளுக்கும் அதே ஆசை. கரையில் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற மனிதர்கள் "ஸ்டார்போர்டு!" என்று கத்துகிற கத்து இருக்கிறதே! வலப்பக்கம் காற்று வாங்கி வருகிறவருக்கு, இடப்பக்கம் வாங்கி வருகிறவர் வழிவிட வேண்டும். அதை நினைவூட்டுகிறார்களாம்.

காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகும்போது ஜைப் செய்யச் சொன்னார் அண்ணன். பாயின் கீழ்க்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்து வரும். குனிந்து கடந்து உட்கார வேண்டும். குனிந்தேன். கடக்க மறந்தேன். இரண்டு பேரும் ஒரே பக்கம். அப்புறம் தண்ணீர்.

பாய்மரம் ஏரிச் சேற்றில் குத்தி நின்றுவிட்டது. மீட்புப் படகு வந்ததும், கொஞ்ச தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டார்கள். தண்ணீரில் ஆள் இருக்கும்போது அருகில் எஞ்சினின் சுழல்விசிறி சுழலக் கூடாது. முதல் கேள்வி, "ரெண்டு பேரும் இருக்கீங்களா?" படகைப் பற்றி அப்புறம்தான் கேட்டார்கள்.

நிமிர்த்தியபின் படகின் தரையில் இருக்கிற ஒரு குட்டி மூடியைத் திறந்துவிட்டார் அண்ணன். படகு வேகம் பிடிக்கப் பிடிக்க அதுவே உள்ளிருந்த தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்த்ரோம் உருவாக்கியது என்றார். 1948 முதல் 1960 வரை தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். "அவரும் நிறைய கவிழ்ந்திருப்பாரு" என்றார். என்னைத் தேற்றவா, தன்னைத் தேற்றவா, தெரியவில்லை.

முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. குறைவாக வாங்குபவர் ஜெயிப்பார். முடிக்காதவருக்குப் படகு எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி: 10. தொடரில் ஆகமோசமான ஒரு முடிவைக் கழித்துக்கொள்ளலாமாம். "நம்ம கழிவு முதல் நாளே முடிஞ்சுது" என்றார் அண்ணன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காற்றே இல்லை. சிவப்பும் வெள்ளையுமாக நெடுக்குக் கோடு போட்ட ஒத்திவைப்புக் கொடி கம்பத்தில் துணி காயப்போட்டது போலத் தொங்கியது. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று யாரோ சொல்ல, போன வாரம் கவிழ்ந்தவர்களைத் தூற்றுவது என்று சபை முடிவு செய்தது. ஒரு மணி நேரம் எங்கள் கதைதான்.

சங்கம் என்பதே இந்தக் காத்திருப்புதானோ என்று தோன்றியது. வங்கி அதிகாரியும் மெக்கானிக்கும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே திண்ணையில். எல்லோரும் பேச்சுக்கு நடுவே மரத்தின் உச்சி இலையைப் பார்க்கிறார்கள்.

வயதான ஒருவர் லாரன்ஸ் லெம்யூ கதை சொன்னார். கனடாக்காரர். 1988 சியோல் ஒலிம்பிக், ஒருவரே ஓட்டும் ஃபின் வகைப் படகுப் போட்டி, பலத்த காற்று. இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருக்கிறார். வேறொரு பிரிவில் கவிழ்ந்த படகின் சிங்கப்பூர் வீரர்கள் இருவர் தத்தளிப்பதைப் பார்க்கிறார். ரேஸை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் இருவரையும் தூக்கி ஏற்றினார். அந்த ரேஸில் அவருக்கு இரண்டாமிடத்தையே நடுவர்கள் கொடுத்தார்கள். பதக்கம் வரவில்லை, பியர் தெ கூபெர்த்தான் விருது தனியாகக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு இந்தக் கதை மனப்பாடம் போல, முடிவை அவருக்கு முன்பே சொன்னார்கள். அவருக்குக் கோபம்.

மூன்று மணிக்குக் கலைந்தோம்.

ஏப்ரல் 24, வியாழன்

மாலையில் முடிச்சு வகுப்பு. பவ்லைன் போடச் சொல்லிக்கொடுத்தவருக்கு வயது பத்து. எவ்வளவு இழுத்தாலும் சுருக்கு இறுகாது, வேண்டும்போது சுலபமாக அவிழும். என்னுடையது இழுத்தவுடன் அவிழ்ந்தது.

மே 4, ஞாயிறு

கமிட்டி படகு. ஓட்ட வந்தவனை நங்கூரம் போட்ட படகில் ஆறு மணி நேரம் உட்காரவைக்கிறார்களே என்று முனகிக்கொண்டுதான் போனேன்.

அங்கே கடிகார அக்கா. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கழுத்தில் இரண்டு ஸ்டாப்வாட்ச், மடியில் பலகை, காதில் பென்சில். எனக்குக் கொடி வேலை.

ஒரு நிமிடக் கொடியை இறக்கும் நேரத்தில் ஹாரன் சத்தம் வரவில்லை. நான் கொடியை விட்டுவிட்டு ஹாரனைத் தட்டப் போனேன். "கொடி! கொடியை இறக்கு!" கணக்கு கொடிக்குத்தான், சத்தம் கவனத்தைத் திருப்ப மட்டும்தான். ஹாரன் ஊமையானாலும் தொடக்கம் செல்லும், கொடி தாமதமானால் எல்லாம் கெட்டது. கையில் கயிறு எரிய இறக்கினேன்.

ஒரு படகு முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியது. வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடியை ஏற்றினோம். அந்தப் படகு திரும்பி வந்து கோட்டுக்குப் பின்னால் போய் மறுபடி கிளம்பியது. வாக்குவாதம் இல்லை. எங்கள் அண்ணன்தான் அது, வேறு ஆளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இவ்வளவு பெரிய தண்ணீரில், ரேஸ் பாதையைக் குறிக்கும் மிதவை பக்கத்தில் யார் எதைத் தொட்டார்கள் என்று இங்கிருந்து எப்படித் தெரியும் என்று அக்காவிடம் கேட்டேன்.

"தெரியாது."

"அப்புறம்?"

"அவங்களே ஒரு சுத்து சுத்திக்குவாங்க."

மிதவையைத் தொட்டால் ஓரமாக ஒதுங்கி ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுப் போகலாம். இன்னொரு படகுக்கு வழிவிடாமல் தவறு செய்தால் இரண்டு. ஒருவரும் விசில் ஊத மாட்டார்கள்.

மாலையில் கணக்கு. ஓட்டியது பல வகைப் படகுகள் என்பதால் வேகமான படகுக்கும் மெதுவான படகுக்கும் வெவ்வேறு எண். எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். எண் 1100 உள்ள படகு 60 நிமிடத்தில் முடித்தால், கணக்குப்படி 54 நிமிடம் 33 வினாடி. அக்கா கால்குலேட்டரில் போட்டுவிட்டு மறுபடி தாளில் போட்டுப் பார்க்கிறார். நானும் ஒரு பத்தி போட்டேன். இரண்டு தப்பு.

மே 11, ஞாயிறு

மூன்றாம் இடம்!

நல்ல காற்று, 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) இருக்கும். ஒரு ஜைப்பும் தவறவில்லை. கடைசிச் சுற்றில், காற்று போகும் திசைக் கோடியில் இருக்கும் கீழ் மிதவையில் இறுக்கமாகத் திரும்பி, உடம்பை முழுக்க வெளியே சாய்த்து, படகைத் தட்டையாகப் பிடித்தேன். அண்ணன் "அப்படித்தான்! அப்படித்தான்!" என்றார். முடிவு தெரியக் கணக்கு வரை காத்திருந்தோம். நான்காவதாக வந்த, ஒருவரே ஓட்டும் லேசர் வகைப் படகை ஆறு வினாடியில் முந்தியிருந்தோம். அதை ஓட்டிய பெண்ணுக்குப் பதினான்கு வயது. நின்று கைகொடுத்துவிட்டுப் போனாள்.

மே 13, செவ்வாய்

ஞாயிறு எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன்.

கீழ் மிதவையில் வெளியே சாய்ந்தபோது என் முதுகு அதைத் தொட்டது. இடிக்கவில்லை, லைஃப் ஜாக்கெட் உரசியது, அவ்வளவுதான். படகு தொட்டாலும், கயிறு தொட்டாலும், ஆள் தொட்டாலும் ஒன்றுதான். அண்ணன் கண் முன்பாயில் இருந்தது, பார்க்கவில்லை. ஒரு சுற்று சுற்றியிருந்தால் குறைந்தது பதினைந்து வினாடி போயிருக்கும்.

சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் "அப்படித்தான்!" என்றார்.

நேற்று முழுக்க, ஒரு சங்க ரேஸ்தானே என்று எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. தூக்கம்தான் வரவில்லை.

மே 18, ஞாயிறு

படகைத் தயார் செய்யும்போதே சொல்லிவிட்டேன். அண்ணன் கயிறு கட்டுவதை நிறுத்தவில்லை.

"எந்த மிதவை?"

"கீழ் மிதவை. கடைசிச் சுற்று."

முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு நேராக அக்காவிடம் போனார். "போன வார ரேஸில் நம்ம படகுக்கு ஆர்.இ.டி. போடுங்க." விலகிக்கொண்டதாக அர்த்தம். 3 புள்ளி இருந்த இடத்தில் 10. கழிவைத்தான் முதல் நாளே செலவழித்துவிட்டோமே, இதைச் சுமந்துதான் ஆக வேண்டும். அக்கா ஏன் என்று கேட்கவில்லை, பென்சிலை எடுத்து அடித்து எழுதினார்.

அன்றைய ரேஸ் முழுக்க அண்ணன் தேவையான வார்த்தை தவிர எதுவும் பேசவில்லை. "இழு." "விடு." "குனி." எனக்கு அது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது. கரையில் பாயைச் சுருட்டும்போதுதான், "அடுத்த தடவை தண்ணியிலேயே சொல்லு. ஒரு சுத்து, கணக்கு முடிஞ்சுது. இப்ப பாரு, ஏழு புள்ளி" என்றார்.

அந்தப் பெண்ணிடம் நானே போய்ச் சொன்னேன், மூன்றாம் இடம் உன்னுடையது என்று.

"தெரியும்ணா. நான் பின்னாடிதான வந்தேன். மிதவை ஆடுச்சு."

"அப்பவே புரொட்டெஸ்ட்னு கத்தியிருக்கலாமே?"

தோளைக் குலுக்கினாள். "சுத்துவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

அதன்பின் நான் கொஞ்ச நேரம் படகுக் கொட்டகைக்குப் பின்னால் ஏதோ தேடுவது போல நின்றுகொண்டிருந்தேன்.

மே 31, சனி

தொடர் முடிந்து இரவு விருந்து. ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கமடோர் பரிமாறினார். தொடரில் எங்களுக்கு ஆறாவது இடம். அண்ணன் நாலு பேரிடம் அதை விளக்கிக்கொண்டிருந்தார்: காற்று திசைமாறியது, படகு பழசு, ஆள் புதுசு. மே 11 பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோப்பைகள் முடிந்தபின் வேடிக்கைப் பரிசுகள். 'சீசனின் சிறந்த கவிழ்ப்பு' எங்களுக்கு, போட்டியே இல்லையாம். பரிசு, நாடா சுற்றிய தண்ணீர் இறைக்கும் வாளி. அண்ணன் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது அக்கா ஒரு ஸ்டாப்வாட்ச்சைக் கையில் திணித்தார். ஜூன் முறைப்பட்டியலில் என் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது என்றார். இரண்டாவதை நான் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை.

வாளி இப்போது படகில், குட்டி மூடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பவ்லைன் போட்டுக் கட்டியிருக்கிறேன். இதுவரை அவிழவில்லை.